செர்கா கணவாயில் ஒப்படைத்த கார்

காரைக் கழுவும்போது பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, அதை வெயிலில் நிறுத்திக் கழுவுவதுதான். தண்ணீர் காய்ந்து புள்ளி விழுந்துவிடும். நிழலில் நிறுத்தி, மேலிருந்து கீழாக, துணியை அடிக்கடி அலசிக் கழுவ வேண்டும். ரொவெஸ்தி நிறுவனத்தில் சேர்ந்த முதல் வருடம் எனக்குக் கொடுத்தது இந்த ஒரு வேலைதான். எனக்கு அது பிடித்திருந்தது. இப்போதும் யாராவது என்ன வேலை என்று கேட்டால், கார் கழுவுகிறேன் என்று சொல்லத்தான் முதலில் வாய் வருகிறது.

வாக்குமூலத்தைப் பெயரிலிருந்து தொடங்கச் சொன்னீர்கள், மேடம். தானிலோ வெக்கி. வயது முப்பத்தொன்று. ரொவெஸ்தி ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனத்தில் பத்திரிகைக் கார்களுக்கான மெக்கானிக். வக்கீல் வேண்டாம் என்று வெளியே இருக்கும் ஐயாவிடமும் சொல்லிவிட்டேன். நடந்ததை வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன். சொல்லும்போது எங்காவது தப்பாகச் சொல்லிவிட்டால் நானே நிறுத்தித் திருத்துவேன். தட்டச்சு செய்பவருக்குச் சிரமம் கொடுப்பதற்கு மன்னிக்க வேண்டும்.

புது மாடல் வந்தால் பத்திரிகைகள் ஓட்டிப் பார்த்து எழுத ஒரு கார் கேட்கும். நாங்கள் கொடுப்போம். பார்வைக்கு அது கடையில் விற்கும் கார்தான். ஆனால் அதன் எஞ்சினுக்குள் இருக்கும் ஒவ்வொரு உறுப்பும் நூற்றுக்கணக்கானவற்றில் எடைபோட்டுப் பொறுக்கி எடுத்தது. பின்பக்கக் கண்ணாடி மெல்லியது. டயர், விற்கும் டயரின் அதே அச்சில் வார்த்தது, அதே எழுத்துகள் இருக்கும். ரப்பர் மட்டும் வேறு, மிருதுவானது. சக்கரத்தின் டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் பிரேக் பேட்டுகள் பந்தயக் கார்களுக்கானவை. எங்கள் தொழிற்சாலையில் இந்தக் காரை மணப்பெண் என்று சொல்வோம். போட்டோ எடுக்கும் நாளுக்கு மட்டும் அலங்காரம். திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிடுவோம்.

இதை நான் ஏமாற்று என்று நினைத்ததில்லை. நினைத்தேனா என்று இந்த நாலு மாதமும் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். இல்லை. நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொள்வது போலத்தான் நினைத்தேன்.

அந்தப் பிரேக் பேட்டுகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. பந்தயப் பேட் சூடானால்தான் பிடிக்கும். சூடேறிவிட்டால் உலகத்தில் எந்தக் காரும் அப்படி நிற்காது. ஆறிக் கிடந்தால் பெடலை மிதிப்பது மரக்கட்டையை மிதிப்பது போல இருக்கும். கார் போய்க்கொண்டே இருக்கும். அந்த டயர்களும் அப்படித்தான், குளிரில் வழுக்கும். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பத்திரிகைக்காரர் வருவதற்குச் சற்று முன்னால் மெக்கானிக் காரை எடுத்துக்கொண்டு போய், பிரேக்கை அழுத்தி அழுத்தி ஓட்டிவிட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியைக் கையில் கொடுப்பார். வருகிறவர்கள் அதை மரியாதை என்று நினைத்துக்கொள்வார்கள். நாங்களும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடுவோம். பிறகு அவர்கள் பந்தயத் தடத்தில்தான் ஓட்டுவார்கள், அங்கே பேட் ஆறுவதற்கு இடமே கிடைக்காது. ஒப்பந்தத்திலேயே எந்தத் தடம் என்று எழுதி வாங்கிவிடுவோம்.

இவானோ பெசெந்தியை உங்களுக்குத் தெரியும். இதே அறையில் உட்கார்ந்திருப்பார். எங்கள் கார்களைப் பற்றி அவர் இருபது வருடமாக எழுதுகிறார். எனக்கு அவரைப் பிடிக்கும். அக்டோபரில் ஒரு நாள் தொழிற்சாலைக்கு எதிரே இருக்கும் பாரில் நின்று, கோப்பா இறைச்சி வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குரல் கொடுத்தார்.

“வா தம்பி. மணப்பெண் சௌக்கியமா?”

“நல்லா இருக்கு. சனிக்கிழமைக்குத் தடம் பதிவு பண்ணியாச்சு.”

“அவளோட அக்காவ நான் பாத்துட்டேன், தெரியுமா? கிரெமோனாவுல ஒரு பல் டாக்டர் வீட்டுல வாக்கப்பட்டிருக்கா. அதே மாடல், அதே சிவப்பு. காசு கொடுத்து வாங்குனது. செர்கா கணவாய்ல ஓட்டிப் பாத்தேன். பிரேக்கப் போட்டா அடுத்த ஊர்லதான் போய் நிக்குறா.”

பார்க்காரர் சிரித்தார். சாலை ஈரமாக இருந்திருக்கும் என்றேன்.

“ஆமாமா. டாக்டருக்கு மட்டும் மழை, உனக்கு மட்டும் எப்பவும் வெயில்.” ரொட்டியை வைத்துவிட்டு என் தோளில் கை போட்டார். “உன்மேல எனக்குக் கோவமில்ல, தம்பி. நீ பியூட்டி பார்லர் நடத்துற, நல்லாவே நடத்துற. ஆனா இந்தத் தடவ ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிக்கவச்சு எழுதப்போறேன். பல் டாக்டர் தன் காரக் கொடுக்குறேன்னு சொல்லிட்டாரு.”

பியூட்டி பார்லர் என்று சொன்னது என்னைப் பாதிக்கவில்லை. அவர் எல்லோரையும் அப்படித்தான் கிண்டல் செய்வார்.

எங்கள் பத்திரிகைப் பிரிவின் தலைவர் பிராஸ்கியிடம் போய்ச் சொன்னேன். அவர் பதறவில்லை. “இவ்வளவுதானே? அடுத்த வருஷம் கொஞ்சமே செஞ்சு விக்கப்போற ஸ்பெஷல் காருக்கு டாக்டரு பேர் கொடுத்திருக்காரு. அந்த வரிசையில இருக்கணுமா வேணாமான்னு ஒரு வார்த்த கேட்டாப் போதும்” என்றார். அன்று மாலையே போன் போனது. பல் டாக்டர் தன் காருக்குக் கிளட்சில் கோளாறு என்று இவானோவிடம் சொல்லிவிட்டார். எங்கள் தொழிலில் இது நடப்பதுதான்.

மறுநாள் இவானோ என்னைக் கூப்பிட்டார். கோபமாக இல்லை, உற்சாகமாக இருந்தார். “டாக்டரோட பல்லப் புடுங்கிட்டீங்க போல. பரவால்ல. அவர் காரோட அளவெல்லாம் என்கிட்ட இருக்கு. நான் தடத்துக்கு வரல. உங்க மணப்பெண்ணயும் அதே செர்கா ரோட்டுலயே ஓட்டிப் பாத்துட்டா கணக்கு முடிஞ்சது. இல்ல, மாட்டேன்னு சொல்லுங்க, அதயே எழுதிடறேன்.”

நான் பிராஸ்கியைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. காரை எங்கே ஒப்படைப்பது என்ற பேச்சு வந்தது. கணவாயின் உச்சியில் என்று முடிவாயிற்று. அங்கே காலை வெளிச்சம் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்பதால்.

முடிவாயிற்று என்று சொன்னது சரியல்ல. அடிவாரத்து ஊரில் வாங்கிக்கொள்கிறேன் என்றுதான் அவர் சொன்னார். உச்சிக்கே லாரியில் கொண்டுவந்து தருகிறேன் என்று சொன்னது நான். வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னதும் நான். “இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் மனுஷன் மாதிரி பேசுற” என்றார்.

அடிவாரத்தில் கொடுத்திருந்தால் அவர் மலை ஏறும்போதே வளைவுக்கு வளைவு பிரேக் சூடாகியிருக்கும். ஏற்றத்தில் கார் தானாகவே வேகம் குறையவும் செய்யும். உச்சியிலிருந்து புறப்பட்டால் முதல் மிதியே இறக்கத்தில்தான்.

அன்று காலை நல்ல குளிர். லாரிக்குள் கார் இரவெல்லாம் கிடந்திருந்தது. இவானோ ஏற்கெனவே வந்து, தெர்மோஸிலிருந்து காபி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். கூட போட்டோ எடுக்கும் ஜெம்மா ரீவா. நான் சரிவுப் பலகையைப் போட்டுக் காரை இறக்கி, சாவியைக் கொடுத்தேன்.

“என்ன தம்பி, இன்னிக்கு நீ ஒரு சுத்து போய்ட்டு வரலியா?”

“நேரமாச்சு. நீங்களே எடுத்துக்கோங்க.”

“பாத்தியா ஜெம்மா, நமக்கு மரியாத கொறஞ்சு போச்சு.” அவர் காரைச் சுற்றி வந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, கிண்டல் இல்லாத குரலில் கேட்டார். “இந்தக் கார்ல எனக்குத் தெரிய வேண்டியது ஏதாவது இருக்கா?”

“ஒண்ணுமில்ல. கடையில விக்கிறதுதான் இது.”

பத்திரிகைக்காரர்களிடம் வழக்கமாகச் சொல்லும் பதில் அது. பழக்கத்தில் வந்துவிட்டது. வேறு பதில் சொன்னால், கடையில் விற்பது இதுவல்ல என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். பிரேக் ஆறியிருக்கிறது, பார்த்துப் போங்கள் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை. கடையில் விற்கும் காரின் பிரேக்கை யாரும் சூடேற்றத் தேவையில்லையே. இந்த நிலைமை உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

ஜெம்மா பொதுவாகத் தன் வேனில் முன்னால் போய், வளைவில் நின்று படம் எடுப்பார். அன்று அவர் காரில் ஏறியதை நான் கவனிக்கவில்லை. பலகையை மடித்துக்கொண்டிருந்தேன்.

இல்லை. இதையும் திருத்த வேண்டும். முதல் தடவை உங்கள் போலீஸாரிடமும் இப்படித்தான் சொன்னேன், அதனால் வாய் பழகிவிட்டது. வெளியே கை விறைக்கிறது, முதல் இறக்கத்தை உள்ளே இருந்தே எடுக்கிறேன் என்று ஜெம்மா சொன்னார். ஏறி உட்கார்ந்தார். அந்த இருக்கையில் பெல்ட்டின் கொக்கி உள்ளே தள்ளியிருக்கும், புதிதாக உட்காருகிறவர்களுக்கு எட்டாது.

“அண்ணா, இது எங்க மாட்டணும்?” என்று கேட்டார்.

குனிந்து நான்தான் மாட்டிவிட்டேன். நன்றி சொன்னார். காபி சிந்திய கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கதவைச் சாத்தியதும் நான்தான்.

சத்தம் கேட்க அதிக நேரம் ஆகவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் லாரியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கார் முதல் வளைவைத் தாண்டி, கீழே பாறையில் வலப்பக்கமாக மோதி நின்றிருந்தது. இவானோவுக்கு நினைவு இருந்தது. “பிடிக்கல, பிடிக்கல” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஜெம்மாவிடம் அதற்குள் மூச்சு இல்லை.

அங்கே வந்த போலீஸாரில் மூத்தவர் எங்கள் கார்கள்மேல் பிரியம் உள்ளவர். இத்தனை தாழ்வான காரை ஊர் இழுவை வண்டி தூக்கினால் மிச்சமும் போய்விடும் என்று அவரே சொன்னார். என் லாரியில் ஏற்றி நகரத்துக் கிடங்கில் கொண்டுவந்து விடச் சொன்னார். சீல் அங்கே வைத்துக்கொள்ளலாம் என்றார். அவரைக் குறை சொல்லாதீர்கள். களைத்திருந்தார்.

வழியில், பீங்கான் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் லாரியை நிறுத்தினேன். உள்ளே போய் நாலு சக்கரத்திலும் பேட்டுகளை மாற்றினேன். மணப்பெண்ணோடு எப்போதும் ஒரு தொகுதி சாதாப் பேட்டுகளும் கூட வரும், பத்திரிகைக்காரர் தவிர வேறு யார் கைக்காவது கார் போவதற்கு முன் அலங்காரத்தைக் கழற்ற வேண்டும் என்பது விதி. முன் வலது சக்கரம் நசுங்கியிருந்ததால் அதில் மட்டும் சிரமப்பட்டேன். கழற்றிய பேட்டுகள் மேசைமேல் இருக்கும் இந்தப் பையில் இருக்கின்றன. தூக்கிப் போட மனம் வரவில்லை. நல்ல பேட்டுகள்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னைவிட உங்களுக்குத் தெரியும். நீதிமன்றம் அனுப்பிய நிபுணர் முதலில் பார்த்தபோது பிரேக்கில் கோளாறு ஒன்றும் இல்லை, ஓட்டியவர்தான் காரணம் என்றார். ஊன்றுகோலோடு நடக்கும் இவானோமேல் சாலை மரண வழக்கு வந்தது. சிறைக்குப் போவார் என்று பேசிக்கொண்டார்கள். ஜெம்மாவின் அப்பா நீதிமன்ற வாசலில் அவர் முகத்தில் துப்பினார் என்று கேள்விப்பட்டேன். நான் வேலைக்குப் போய்வந்தேன். அடுத்த மாடல் வந்திருந்தது.

நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். இவானோ சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஜெம்மா சாக வேண்டும் என்று நினைக்க எனக்குக் காரணமே இல்லை. நான் நினைத்தது வேறு. வசந்த காலத்தில் இவானோவின் பத்திரிகையிலேயே எங்கள் மணப்பெண்ணின் பிரேக் தூரம் அச்சாகியிருந்தது. சாதாப் பேட் போட்டு மலைக்கு அனுப்பினால் அந்த அளவு பொய்யாகிவிடும். பந்தயப் பேட்டைச் சூடேற்றி அனுப்பினால் பல் டாக்டரின் காரோடு ஒத்துப்போகாது. எந்தப் பக்கம் போனாலும் அவருக்குக் கட்டுரை கிடைத்துவிடும். அவர் அன்று ஓட்டி அளந்து முடிக்காமல் போனால்தான் கிடைக்காது.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் செர்காவுக்குப் போனேன். உச்சியிலிருந்து முதல் வளைவுவரை நடந்தேன். வளைவின் வெளிப்பக்கம் ஒரு புல்மேடு. நேர்ச்சாலையில் அவர் என்ன வேகத்தில் வருவார் என்று எனக்குத் தெரியும், ஆறிய பேட் எவ்வளவு பிடிக்கும் என்றும் தெரியும். மேட்டில் ஏறி, முன்பக்கம் உடைந்து, நிற்கும் என்று கணக்கிட்டேன். ஒரு பம்பர், ஒரு விளக்கு, அவருக்குக் கொஞ்சம் வெட்கம். மலை ரோட்டில் பத்திரிகைக்காரர் காரை உடைத்தார் என்றால் அதற்குப் பிறகு அவர் பிரேக்கைப் பற்றி எழுதுவதை யார் நம்புவார்கள்?

கணக்கில் இரண்டு இடத்தில் தவறினேன். டயரும் ஆறிக் கிடக்கும் என்பதைச் சேர்க்கவில்லை. அதனால் கார் மேட்டில் ஏறவில்லை, பக்கவாட்டில் வழுக்கி அதன் ஓரமாகப் போய்விட்டது. இரண்டாவது, ஓட்டுகிறவர் ஒருவர் மட்டும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. இரண்டு பேர் ஏறினால் எடை கூடும், நிற்கும் தூரமும் கூடும். ஜெம்மா பெல்ட்டை நீட்டியபோது எனக்கு அது தெரிந்தது. மறந்துபோய்விட்டேன் என்று சொன்னால் பொய். கொக்கியை மாட்டும் அந்த நேரத்தில், இனிமேல் இந்தக் கணக்கு சரிவராது என்று தெளிவாக நினைத்தேன். மாட்டிவிட்டு நிமிர்ந்தேன். இறங்குங்கள் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்களே. அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கையில் கார் புறப்பட்டுவிட்டது.

இவ்வளவுதான். இதற்கு என்ன பெயர் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் பிராஸ்கி என் வீட்டுக்கு வந்தார். கையில் கேக் பெட்டி. முதல் தடவையாக வருகிறார்.

“நல்ல சேதி, தானிலோ. இவானோவோட வக்கீலு நிபுணரத் திரும்பப் பாக்க வச்சுட்டாரு. இவானோ சொல்றது நெசந்தானாம், பிரேக் பிடிக்கலயாம். பேட்டு புத்தம்புதுசாம், பழக்காத பேட்டாம்.”

புதுப் பேட்டை மாட்டினால், காரை ஓட்டிப் பல தடவை பிரேக் போட்டு அதை டிஸ்க்கோடு பொருந்த வைக்க வேண்டும். பழக்குவது என்போம். பழக்காத பேட் சரியாகப் பிடிக்காது. லாரிக்குள் நசுங்கிக் கிடந்த காரில் அதை நான் எப்படிப் பழக்குவேன்?

“அப்போ?” என்று கேட்டேன்.

“அப்போ என்ன, எல்லாருக்கும் நிம்மதி. இவானோவ விட்டுடுவாங்க. கம்பெனிமேல ஒண்ணும் வராது. உம்மேல கவனக்குறைவுன்னு சின்னதா ஏதோ எழுதுவாங்க. ஜெயிலெல்லாம் கெடயாது. வக்கீலக் கம்பெனி பாத்துக்கும், நீ பேசாம இருந்தாப் போதும்.”

“நான் கவனக்குறைவா?”

“பேப்பர்லதானேப்பா. உன்னப் பத்தி எங்களுக்குத் தெரியாதா? கேக் வெட்டு.”

வெட்டினேன். அவர் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. மனசாட்சி என்பது இதுதான் போலிருக்கிறது. இப்போது நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான், மேடம். பெசெந்தி எப்படியும் விடுதலையாகப் போகிறார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அபராதத்தோடு போயிருக்கும், திறந்ததால் எத்தனை வருடம் என்று உங்களாலேயே சொல்ல முடியவில்லை. பிறகு ஏன் வந்தேன்? ஜெம்மாவின் அப்பாவுக்கு உண்மை தெரிய வேண்டும் என்பதற்காக. இவானோ தன் ஓட்டத்தைச் சந்தேகப்பட்டுக்கொண்டே வாழக்கூடாது என்பதற்காக. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், அதெல்லாம் உண்மைதான்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே ஒரு விண்ணப்பம். நிபுணரின் அறிக்கையில், பேட்டைப் பழக்காமல் காரை வெளியே அனுப்பிய மெக்கானிக் என்று என்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. அப்படி ஒரு காரை என் வாழ்நாளில் நான் வெளியே அனுப்பியதில்லை. அன்று செர்காவில் இறங்கிய காரின் நாலு சக்கரத்துப் பேட்டுகளையும் நானே முந்தின வாரம் முறையாகப் பழக்கியிருந்தேன். பையைத் திறந்து பாருங்கள், தேய்மானம் எவ்வளவு சமமாக இருக்கிறது என்று. மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.